ஆயிரம் வெட்டுகளும் கடைசித் துளியும்: ஆங்கிலத் தொடர்களை ரஷ்யனுக்குக் கொண்டுபோவது பற்றி

மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வகுப்புக்காக ரஷ்யனில் பெயர்த்ததாகவும், அதில் வந்த ‘டெத் பை எ தௌசண்ட் கட்ஸ்’ (ஆயிரம் வெட்டுகளால் சாவு), ‘பாய்லிங் ஃப்ராக்’ (வேகும் தவளை), ‘ஸ்லிப்பரி ஸ்லோப்’ (வழுக்கும் சரிவு), ‘லாஸ்ட் ஸ்ட்ரா’ (கடைசி வைக்கோல்) என்ற நான்கு தொடர்களையும் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தபோது ஆசிரியை நான்கையும் சிவப்பு மையால் சுழித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்பெயர்ப்புகளை ரஷ்யர்களே இணையத்தில் பயன்படுத்தும்போது அவை எப்படித் தவறாகும், தவறென்றால் சரியான நிகர்த்தொடர்கள் எவை என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு தொடர்களுக்கு நான்கு விடைகளைக் கேட்பது போலத் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, கொஞ்சம் கொஞ்சமாக நேரும் கேட்டை ஆங்கிலம் ஒரு படமாக வரைந்து காட்டும்போது ரஷ்யன் அதே வேலையை எதைக் கொண்டு செய்கிறது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கும் ரஷ்யனிலிருந்து தமிழுக்கும் பெயர்த்து வருகிறேன். பெரும்பாலும் நீர்ப்பாசனம், மண்வளம், பொதுச் சுகாதாரம் சார்ந்த அறிக்கைகள், இடையிடையே கதைகள். ரஷ்யன் எனக்குத் தாய்மொழி அன்று. ரஷ்யராகப் பிறந்த ஒரு திருத்துநர் பார்க்காமல் என் ரஷ்யப் பக்கம் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. எனவே கீழே சொல் எப்படி அமைந்தது, எதைக் குறிக்கிறது என்று நான் சொல்வனவற்றை உறுதியாகக் கொள்ளலாம். ‘ரஷ்யக் காதுக்கு உறுத்தும்’ என்று சொல்லுமிடங்களில் அந்தத் திருத்துநர்களின் பேனா என்னை எங்கே நிறுத்தியதோ அதையே சொல்கிறேன். ரஷ்யச் சொற்களைத் தமிழெழுத்தில் கூடியவரை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தருகிறேன்.

ஆயிரம் வெட்டுகளிலிருந்தே தொடங்கலாம். இந்தத் தொடர் சீனாவில் 1905 வரை சட்டப்படி வழங்கிய ‘லிங்ச்சி’ என்ற கொலைத்தண்டனையிலிருந்து வந்தது. உடலைச் சிறிது சிறிதாக அறுத்துக் கொல்லும் தண்டனை அது. ஆங்கிலத்தில் அந்தத் தண்டனையின் நினைவு மங்கிவிட்டது. அலுவலகத்தில் படிவம் நிரப்பும் சலிப்பைச் சொல்லக்கூட இத்தொடர் பயன்படுகிறது. ரஷ்யனில் அதன் நேர்பெயர்ப்பான ‘ஸ்மேர்த் அத் தீஸிச்சி பரேஸவ்’ அரசியல் கட்டுரைகளில் புழங்குகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே வெட்டின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை. ‘பரேஸ்’ என்றால் விரலில் கத்தி பட்டு ஏற்படும் வெட்டுக்காயம். படிக்கிறவருக்கு முதலில் ரத்தம்தான் தெரியும், பொருள் பிறகுதான் வரும். வற்றிய கடலைப் பற்றிய வாக்கியத்தில் ரத்தம் எதற்கு என்று உங்கள் ஆசிரியைக்குத் தோன்றியிருக்கலாம்.

அந்த வாக்கியத்தையே எடுத்துப் பார்ப்போம். பெயரில் கடலானாலும், 1960இல் ஆரல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. உலகின் நான்காவது பெரியது. அதற்கு நீர் கொண்டுவந்த ஆமு தர்யாவும் சிர் தர்யாவும் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டன. 2007 வாக்கில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருந்தது. மொய்னாக் துறைமுகத்தின் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த அழிவை ஆங்கிலக் கட்டுரையாளர் ‘ஒரே அடியில் நேர்ந்ததன்று, ஆயிரம் வெட்டுகளால் நேர்ந்த சாவு’ என்கிறார். நானாக இருந்தால் ரஷ்யனில் இப்படி எழுதுவேன்: ‘அரால் பகீப் நெ ஸ்ராஸு: யெவோ குபீலி கதாமி, கனால் ஸ கனாலம், ப்லான் ஸ ப்லானம்.’ தமிழில் சொன்னால், ஆரல் உடனே மாண்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அதை அழித்துக்கொண்டே இருந்தார்கள், கால்வாய்க்கு மேல் கால்வாய், திட்டத்துக்கு மேல் திட்டம்.

இந்த வாக்கியத்தில் மரபுத்தொடர் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலையெல்லாம் இலக்கணம் செய்கிறது. ‘பகீப்’ என்பது முடிந்துபோன செயலைக் காட்டும் வடிவம், மாண்டது, தீர்ந்தது. அதே வேரிலிருந்து வரும் ‘குபீலி’ முடிவுறாத வடிவம். அழிப்பு நடந்துகொண்டே இருந்ததைக் காட்டும். ரஷ்ய வினை பெரும்பாலும் இப்படி இரட்டைப் பிள்ளையாகத்தான் பிறக்கிறது. ஒன்று ஓட்டத்தைச் சொல்லும், மற்றது முடிவைச் சொல்லும். இரண்டையும் ஒரு முக்காற்புள்ளியின் இருபுறமும் நிறுத்தினால் ‘ஒரே அடியன்று, நீண்ட சாவு’ என்ற எதிர்நிலை தானாக வந்துவிடுகிறது. அடுத்து, ‘குபீலி’க்கு எழுவாய் இல்லை. பன்மை வினை மட்டும் நிற்கிறது. அழித்தவர்கள் யார் என்று வாக்கியம் பெயர் சொல்லவில்லை. ஆயிரம் வெட்டுகள் என்ற ஆங்கிலத் தொடரிலும் கத்தியைப் பிடித்த கை கண்ணுக்குத் தெரியாது; அந்த மறைப்பை எழுவாயில்லாத பன்மை அப்படியே காக்கிறது. கடைசியாக, ஒரே பெயரை ‘ஸ’ என்ற இடைச்சொல்லின் இருபக்கமும் அடுக்கும் அமைப்பு, ‘ஆயிரம்’ என்ற எண்ணின் வேலையை எண் இல்லாமலே செய்துவிடுகிறது.

நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக நேரும் கேட்டை ஆங்கிலம் பெயர்ச்சொல்லாலான ஒரு காட்சியில் வைக்க விரும்புகிறது. ரஷ்யன் அதை வினையின் வடிவிலும் முன்னொட்டிலும் வைக்க விரும்புகிறது. இது விதியன்று, சாய்வு. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு பெயர்த்தொடரைக் கண்டதும் ரஷ்ய அகராதியில் இன்னொரு பெயர்த்தொடரைத் தேடி ஓடுவதை இந்தச் சாய்வு தெரிந்தவர் நிறுத்திக்கொள்வார். முதலில் வினையைத் தேடுங்கள். ‘பத்தாச்சிவத்’ என்றால் அடியிலிருந்து அரித்துப் பலவீனமாக்குவது. ஆற்று நீர் கரையின் அடிமண்ணை அரிப்பதற்கும், நோய் உடல்வலுவைக் குறைப்பதற்கும், ஐயம் நம்பிக்கையைக் குலைப்பதற்கும் இதே வினைதான். ‘ரஸ்யெதாத்’ என்பது அமிலமோ துருவோ தின்று பிரித்தெடுப்பது. ‘இஸ்வதீத்’ என்பது ஒருவரை உள்ளிருந்து வற்றச் செய்து தீர்ப்பது. இவற்றின் முன்னொட்டுகளே கேடு எந்தத் திசையில் வருகிறதென்று சொல்லிவிடுகின்றன: முதலாவது அடியிலிருந்து, இரண்டாவது சிதறும்படி, மூன்றாவது உள்ளிருப்பதை வெளியேற்றி. எனக்கு மிகவும் பிடித்தது ‘சாஹ்நுத்’; வாடி வதங்கித் தேய்வது. காசநோயை ரஷ்ய மக்கள் ‘சஹோத்கா’ என்று அழைத்ததும் இந்த வேரிலிருந்துதான். நம்மவர்கள் அதே நோயை எலும்புருக்கி என்றார்கள். இரு மொழிகளும் நோய்க்குப் பெயர் வைக்க, மெல்லத் தேய்க்கும் ஒரு வினையைத்தான் நாடியிருக்கின்றன.

தமிழ் பேசுகிற உங்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ‘கெட்டுக்கொண்டே வந்தது’, ‘தேய்ந்துபோயிற்று’, ‘அரித்துத் தின்றுவிட்டது’ என்று நாமும் துணைவினைகளில்தான் கேட்டின் வேகத்தையும் முடிவையும் ஏற்றுகிறோம். எனவே ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் நேரே ரஷ்யனுக்குத் தாவாமல், பேச்சுத் தமிழில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘கொண்டே’ வந்தால் முடிவுறா வடிவம், ‘விட்டது’ வந்தால் முடிவுற்ற வடிவம். எல்லா இடத்திலும் பொருந்தாது. பத்தில் ஏழெட்டு முறை சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

அடுத்து ஒரு பொறி. ‘காப்ல்யா காமென் தோச்சித்’, துளி கல்லைத் துளைக்கும் என்ற ரஷ்யப் பழமொழியைப் பார்த்தவுடன் படிப்படியான கேட்டுக்கு இதுவே நிகர் என்று மாணவர்கள் பலரும் பாய்கிறார்கள். நானும் பாய்ந்திருக்கிறேன். லத்தீனில் ஓவித் எழுதிய வரியாகவும் கிடைக்கும் இந்தப் படம் ரஷ்யனில் விடாமுயற்சியைப் புகழ்வது; நம் ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ போல. இங்கே கல் பாதிக்கப்பட்ட தரப்பன்று, துளிதான் கதைத்தலைவன். ‘துளித்துளியாக ஆற்றுநீரை எடுத்தார்கள்’ என்று சொல்லுமிடத்தில் இந்தப் பழமொழியைப் போட்டால் பாசனத்துறையின் பொறுமையைப் பாராட்டியதாக ஆகிவிடும். ‘கோழி ஒவ்வொரு மணியாகக் கொத்தும்’ என்ற ‘கூரச்கா ப ஸ்யோர்னிஷ்கு க்ல்யுயோத்’தும் அந்த வகைதான், சிறுகச் சேர்ப்பதைப் புகழும். சில்லறைத் திருட்டைக் கேலி செய்யும்போது மட்டும் அது கேட்டின் பக்கம் சாயும். ஆனால் அதே துளி மனிதர் மேல் விழுந்தால் கதை மாறிவிடும். ‘காப்பத் ந மஸ்கி’, மூளையின் மேல் சொட்டுவது என்றால், நச்சரித்தே ஒருவரை ஓயவைப்பது. இது பேச்சு வழக்கு, கட்டுரையில் வேண்டாம்.

‘லாஸ்ட் ஸ்ட்ரா’வுக்கு விடை எளிது, ஐயமும் இல்லை: ‘பஸ்லேத்னியயா காப்ல்யா’, கடைசித் துளி, நிறைந்த கிண்ணத்தை வழியச் செய்யும் துளி. ஒட்டகத்தின் முதுகை முறித்த வைக்கோலை அப்படியே பெயர்த்த ‘பஸ்லேத்னியயா சலோமின்கா’வும் அச்சில் தென்படும். அதை நான் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ‘சலோமின்கா’ என்றதும் ரஷ்யருக்கு நினைவு வருவது, மூழ்குகிறவன் பற்றிக்கொள்ளும் துரும்பு. ஆகவே ‘கடைசி வைக்கோல்’ என்று நீங்கள் எழுதியதைக் கடைசி நம்பிக்கை என்று ஒருவர் படித்துக்கொள்ள இடமிருக்கிறது. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். இன்னொன்றையும் இங்கே எடைபோட வேண்டும். வைக்கோல், சுமையைப் பற்றிய படம். முறிவு உடலில் நேர்கிறது. துளி, பொறுமையைப் பற்றிய படம். முறிவு மனத்தில் நேர்கிறது. மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறள் வைக்கோலின் பக்கம் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் முறிந்தது மீனவர்களின் பொறுமையா, ஏரியின் தாங்குதிறனா? பொறுமை என்றால் துளியை எழுதுங்கள். ஏரி என்றால் தொடரையே விட்டுவிட்டு, அதற்குமேல் ஏரி தாங்கவில்லை என்று ‘நெ வீதெர்ஷல’ என்ற வினையோடு நேராகச் சொல்லிவிடலாம்.

தவளையில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மண் உவராவதைப் பற்றிய ஓர் அறிக்கையின் முன்னுரையில், மெல்லச் சூடாகும் நீரில் கிடந்து வெந்துபோகும் தவளை வந்தது. அப்படியே எழுதி அனுப்பினேன். வயதில் மூத்த திருத்துநர் அம்மையார் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: “எந்தத் தவளை? பாலேட்டில் விழுந்ததா?” எனக்குப் புரியவில்லை, நேரில் கேட்டபோதுதான் சொன்னார். ரஷ்யப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதையில் இரண்டு தவளைகள் புளித்த பாலேட்டுப் பானைக்குள் விழுகின்றன. ஒன்று மனம் தளர்ந்து மூழ்கிவிடுகிறது. மற்றது உதைத்துக்கொண்டே இருக்க, ஏடு திரண்டு வெண்ணெயாகி, அதன்மேல் கால் ஊன்றி வெளியே குதிக்கிறது. பானைக்குள் தவளை என்றால் அவருக்கு அது தப்பிப் பிழைத்த தவளை. சாகும் தவளையை நான் வைத்த இடத்தில் அவருக்கு வெண்ணெய்தான் தெரிந்திருக்கிறது.

அது அன்றைய நிலை. இப்போது ‘வர்யோனயா ல்யகூஷ்கா’ நிர்வாக இயலிலும் உளவியல் கட்டுரைகளிலும் ஓரளவு ஊன்றிவிட்டது. ‘வெந்த தவளை விளைவு’ என்று கலைச்சொல் போலவே எழுதுகிறார்கள். நகரத்துப் படித்த வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆயினும் முதல் முறை வரும்போது ‘மெல்லக் காயும் நீரில்’ என்ற அடையைச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு. உங்களுடையது சுற்றுச்சூழல் கட்டுரை என்பதால் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. படிப்பவர் உயிரியல் தெரிந்தவராக இருந்தால் தவளையிலேயே சிக்கிக்கொள்வார். 1869இல் ஜெர்மன் உடலியலாளர் ஃப்ரீட்ரிக் கோல்ட்ஸ் செய்த சோதனையில், மூளை அகற்றப்பட்ட தவளைதான் சூடேறும் நீரில் அசையாமல் கிடந்தது. முழு உடலோடு இருந்த தவளை வெப்பம் ஏற ஏறத் தப்பிக்கப் பார்த்தது. மூலத்தில் இருப்பதைப் பெயர்ப்பவர் திருத்தக் கூடாது. ஆனால் தவளை ஓர் உவமையாக மட்டும் வந்திருந்தால், ‘இஸ்பத்வல்’ என்ற ஒற்றை வினையடை அந்த இடத்தை நிரப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாமல், அவசரமில்லாமல், மெல்ல மெல்ல என்ற மூன்றையும் அது ஒரே மூச்சில் சொல்கிறது. நான் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறேன்.

‘ஸ்லிப்பரி ஸ்லோப்’ ஒரு தொடர் போலத் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருவர் ஒழுக்கத்தில் சறுக்கிக்கொண்டே போவதைச் சொன்னால் ரஷ்யனில் ‘ஸ்கோல்ஸ்கயா தரோஷ்கா’, வழுக்கும் பாதை, இருக்கிறது. ‘கதீத்ஸா ப நக்லோன்னய்’, சரிவில் உருளுவது, இன்னும் வலுவானது. குடி, சூது, சிறு திருட்டு என்று தொடங்கும் வாழ்க்கைக்கு இவை கச்சிதம், நீர்வளத்துறைக்குப் பொருந்தா. ஒரு வாதத்தின் பிழையைச் சொல்லும் தர்க்கவியல் பெயராக வந்தால் ‘ஸ்கோல்ஸ்கி ஸ்க்லோன்’ என்ற நேர்பெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம். முதல் கால்வாய்க்கு ஒப்புக்கொண்ட பிறகு திரும்ப வழியில்லாமல் போயிற்று என்பதுதான் உங்கள் வாக்கியத்தின் பொருள் என்றால், ரஷ்யனில் அதற்கென்றே ஒரு பழமொழி காத்திருக்கிறது: ‘கொகதோக் உவ்யாஸ் — வ்ஸேய் ப்தீச்கே ப்ரபாஸ்த்.’ நகம் சிக்கினால் பறவையே போயிற்று. டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ‘இருளின் ஆட்சி’ நாடகத்துக்கு இதுவே துணைத்தலைப்பு. பேச்சில் ரஷ்யர்கள் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேட்பவர் முடித்துக்கொள்வார். அப்படிப் பாதியில் நிறுத்துவது கட்டுரையிலும் நன்றாக அமையும்.

இதே குடும்பத்துத் தொடர்கள் சில இனிமேல் உங்களுக்கு வரக்கூடும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆப்பின் மெல்லிய நுனி’ என்ற ஆங்கிலத் தொடரை ஆப்போடு ரஷ்யனுக்குக் கொண்டுபோகாதீர்கள். ரஷ்ய ஆப்புக்கு வேறு இரண்டு வேலைகள் ஏற்கெனவே உண்டு: ‘க்லின் க்லீனம் விஷிபாயுத்’ என்றால் முள்ளை முள்ளால் எடுப்பது, ‘வ்பீத் க்லின்’ என்றால் இருவருக்கிடையே பகை மூட்டுவது. இனிமேல்தான் பெரிது வரும் என்ற அச்சத்தைச் சொல்ல ‘எத்த யெஷ்யோ த்ஸ்வெதோச்கி, யாகத்கி வ்பெரெதி’ போதும்: இவை பூக்கள்தான், காய்கள் இனிமேல். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவரைப் பற்றியதென்றால் விரலைக் கொடுத்தால் கையைக் கடித்துக்கொள்வான் என்ற தொடர் இருக்கிறது. கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்த ஒட்டகம் வந்தால், பனிக்கட்டிக் குடிசை உருகிப்போன நரி முயலிடம் முதலில் முற்றத்தில், பிறகு வாசற்படியில், பிறகு வீட்டுக்குள் என்று கேட்டு, கடைசியில் முயலையே விரட்டிவிடும் கதையை ஒவ்வொரு ரஷ்யரும் அறிவார். அது தொடராக உறையவில்லை. என்றாலும் ‘நரியும் முயலும் போல’ என்று கோடி காட்டினால் சிரிப்பார்கள்.

மறைவாகச் செய்யும் கேட்டுக்கு ‘தீஹய் சாபய்’ இருக்கிறது. ‘சாபா’ என்பது முற்றுகையிட்ட கோட்டையை நோக்கி, எதிரியின் கண்ணில் படாமல் சிறுகச் சிறுக வெட்டிக்கொண்டு போகும் பதுங்குகுழி. வலுவை உறிஞ்சுவதைச் சொல்லும் ‘சாப்’ என்ற ஆங்கில வினையும் அதே போர்க்கலைச் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் ஆங்கிலத்தில் வெயில்கூட ‘சாப்’ செய்யும். ரஷ்யனில் குழி வெட்டுகிறவருக்கு நோக்கம் இருந்தாக வேண்டும். ஆரல் விஷயத்தில் அதைப் போட்டால் சதி என்று குற்றம் சாட்டியதாகப் பொருள். ‘ருபீத் ஹ்வோஸ்த் ப சஸ்த்யாம்’, வாலைத் துண்டு துண்டாக வெட்டுவது என்ற தொடரும் ஆயிரம் வெட்டுகளுக்கு நிகர் போல ஏமாற்றும். ஒரே வெட்டாக வெட்ட மனம் வராமல், இரக்கத்தின் பேரில் வேதனையை நீட்டுவதுதான் அதன் பொருள். மெல்ல மூடப்படும் தொழிற்சாலைக்குப் பொருந்தும், ஏரிக்குப் பொருந்தாது. ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் தலைவர் ராக்கோஷியோடு சேர்த்துச் சொல்லப்படும், எதிர்த்தரப்பைத் துண்டு துண்டாக அறுத்து ஒழிக்கும் ‘சலாமி உத்தி’யும், பொருளியலில் ‘தவழும்’ என்ற பொருள் தரும் ‘பல்ஸூச்சயா’ என்ற அடையோடு வரும் பணவீக்கமும் ரஷ்யனில் நிலைபெற்றுவிட்டவை. அவற்றில் தயங்க வேண்டியதில்லை.

உங்கள் ஆசிரியை சுழித்தது எல்லாமே தவறா என்பதில் மட்டும் எனக்கு முழு உடன்பாடில்லை. நாளிதழின் அரசியல் பக்கத்துக்கு எழுதினால் ஆயிரம் வெட்டுகளை நான் விட்டுவைப்பேன். அங்கே வெளிநாட்டு வாடை ஒரு குறையன்று. இது என் கருத்து, வேறு பெயர்ப்பாளர்கள் மறுக்கலாம். வைக்கோலை எங்கேயும் விட்டுவைக்கமாட்டேன். உங்கள் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பிலேயே ஆயிரம் வெட்டுகள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள்; அந்தத் தலைப்பில் அதை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே அந்த வாக்கியம் வரும் இடத்தில் மட்டும் ‘யெவோ குபீலி கதாமி’ என்று எழுதி மறுபடி கொடுத்துப் பாருங்கள்.